கம்பர்லண்ட் மலைப் புலிகள் – 4: ஆறு நாள், ஐந்து ஊர்

காலணி மூட்டை ரயிலில் இல்லை.

போன வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தினோம். 1899 நவம்பர். டென்னஸி மாநிலத்து மலையுச்சியில் இருக்கும் சுவானி கல்லூரியின் கால்பந்து அணி, டெக்சாஸ் நோக்கிப் புறப்பட்டுவிட்டது. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், உதவியாள் என்று இருபது சொச்சம் பேர். படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டி ஒன்று அவர்களுக்கென்றே ஏற்பாடாகியிருந்தது. எல்லாம் சரியாகத்தான் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த மேனேஜர் லூக் லீக்கு, வண்டி கிளம்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது: ஆட்டக்காரர்களின் காலணிகள் அத்தனையும் புறப்பட்ட ஊர் நடைமேடையிலேயே கிடக்கின்றன.

சாதாரணக் காலணியென்றால் ஆஸ்டினில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம். இது அடிப்பக்கத்தில் தோல் கட்டைகள் ஆணியடித்துப் பொருத்தியது. சேற்றிலும் புல்லிலும் காலை ஊன்றி, எதிரே வருபவனை நெஞ்சால் தள்ளி நிறுத்த அதுதான் உதவும். வெறுங்காலோடு இறங்குவதும் தோற்றுப்போவதும் ஒன்றே.

லீக்கு அப்போது வயது 20. முதுகலை மாணவர். அடுத்து வந்த நிலையத்தில் தந்தி கொடுத்தார். ஆட்டக்காரர்களிடம் மூச்சுவிடவில்லை என்பது சுவானியில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அணி டெக்சாஸில் களமிறங்குவதற்குள் மூட்டை பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

இந்த லூக் லீயைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அமெரிக்க செனட்டராகப் போகிறவர். அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. முதல் உலகப்போர் ஓய்ந்ததும், 1919 ஜனவரியில், நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மனியின் மாஜி மன்னர் இரண்டாம் வில்லியமைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று சக ராணுவத்தினர் சிலரோடு காரில் கிளம்பியவர் இவர்தான். மன்னர் தங்கியிருந்த மாளிகைக்குள்ளேயே நுழைந்தும்விட்டார்கள். மன்னர் கிடைக்கவில்லை. கூடப்போன ஒருவர் சாம்பல் கிண்ணம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். அப்படிப்பட்ட ஆள், ஆறு நாளில் ஐந்து ஆட்டம் என்று ஒரு பயணத் திட்டம் போட்டதில் வியக்க என்ன இருக்கிறது?

ஆனால் இந்தத் திட்டம் வீரதீரத்துக்காகப் போடப்பட்டதல்ல. காசுக்காகப் போடப்பட்டது.

நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் சுவானியும் பரம எதிரிகள். ஆண்டுதோறும் இவர்கள் மோதுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். சுவானியின் விளையாட்டுப் பெட்டிக்கு அந்த ஒரு நாள் வசூல்தான் உயிர்நாடி. வந்த பணத்தை எப்படிப் பங்குபோடுவது என்பதில் இரு தரப்புக்கும் தகராறு மூண்டது. 1899இல் ஆட்டமே வேண்டாம் என்று பிரிந்துவிட்டார்கள். இருநூறு முந்நூறு மாணவர்கள் படிக்கும் ஒரு மலைக் கல்லூரியில், உள்ளூரில் டிக்கெட் விற்று என்ன கிடைத்துவிடும்? மலையேறி வந்து பார்க்க ஆளில்லை. ஆகவே லீ கடிதமும் தந்தியுமாக அனுப்பித் தள்ளினார். ஒரே பயணம், பல ஊர், ஒவ்வொரு ஊரிலும் வசூலில் ஒரு பங்கு. ரயில் கட்டணம் ஒருமுறைதான் என்பதால், ஆட்டங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு லாபம். வீரர்களின் முதுகெலும்பைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

இப்படி ஒருவர் தன் இஷ்டத்துக்கு ஆட்டங்களை அடுக்க முடியுமா? அன்றைக்கு முடியும். 1894 டிசம்பரில் அட்லாண்டாவில் ஏழு கல்லூரிகள் கூடித் தென்மாநிலக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்னின்று நடத்தியவர் வாண்டர்பில்ட்டின் வேதியியல் பேராசிரியர் வில்லியம் டட்லி. அந்த ஏழில் சுவானியும் ஒன்று. கூலிக்கு ஆள் பிடித்து மாணவன் என்று களத்தில் இறக்கும் வழக்கத்தை ஒழிப்பதுதான் சங்கத்தின் முதல் வேலை. யார் யாரோடு ஆடுவது, எங்கே ஆடுவது, எத்தனை ஆட்டம் என்பதையெல்லாம் சங்கம் சொல்லவில்லை. இன்றைய ஐபிஎல் மாதிரி அட்டவணையோ, புள்ளிப் பட்டியலோ, இறுதிப்போட்டியோ கிடையாது. பருவம் முடிந்ததும் யார் தோற்கவில்லையோ அவர் தன்னைச் சாம்பியன் என்று சொல்லிக்கொள்வார். பத்திரிகைகளும் மற்றவர்களும் ஒத்துக்கொண்டால் சரி. ஒரே ஒரு தோல்வி போதும், எல்லாம் போயிற்று.

அந்த ஆட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைத்துக்கொண்டு படிக்கிற வாசகர்கள் இருப்பார்கள். இது கையில் பந்தை அணைத்துக்கொண்டு எதிராளிகளின் சுவரைப் பிளந்து ஓடும் அமெரிக்க ஆட்டம். ரக்பியின் சொந்தக்காரன். மைதானத்தின் நீளம் 110 கெஜம். மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. முன்னோக்கி வீசுவது கூடாது. அந்த அனுமதி 1906இல்தான் வந்தது. ஆகவே எல்லாம் மோதல்தான். கபடியில் பாடிப்போகிறவனை மடக்குவதைப் பதினோரு பேர் பதினோரு பேரை மடக்குவதாகக் கற்பனை செய்து பாருங்கள். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் 5 புள்ளி. தாண்டியபின் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் ஒன்று. களத்தில் ஓடும்போதே உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினாலும் 5தான். வெளியே போய் உட்கார்ந்த வீரன் மறுபடி உள்ளே வர முடியாது. அதனால் காயம் பட்டாலும் யாரும் வெளியே போவதில்லை.

எவ்வளவு ஆபத்தான ஆட்டம் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இரண்டே ஆண்டு முன்பு, 1897 அக்டோபர் 30 அன்று அட்லாண்டாவில் வர்ஜீனியாவை எதிர்த்து ஆடிய ஜார்ஜியா பல்கலைக்கழக மாணவர் வான் கேமன் தலையில் அடிபட்டு மறுநாள் இறந்துபோனார். ஜார்ஜியா சட்டமன்றம் கால்பந்தைத் தடைசெய்யும் மசோதாவை நிறைவேற்றிவிட்டது. ஆளுநர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் இறந்த பையனின் தாயே, என் மகன் நேசித்த ஆட்டத்தை அவன் சாவைக் காட்டித் தடுக்காதீர்கள் என்று வேண்டிக் கடிதம் எழுதினார். ஆளுநர் மசோதாவைத் திருப்பியனுப்பினார். அந்தத் தாய் பேனாவை எடுத்திருக்காவிட்டால் நம் தொடருக்கு வேலையே இருந்திருக்காது.

சரி, ரயிலுக்கு வருவோம்.

வண்டியில் காலணிதான் இல்லையே தவிர, வேறொன்றை மறக்காமல் ஏற்றியிருந்தார்கள்: சுவானி மலை ஊற்றுத் தண்ணீர், இரண்டு பீப்பாய் நிறைய. ஊர் ஊராகப் போகிற இடத்தில் கண்ட தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கு வந்தால் ஐந்து ஆட்டமும் அம்போ. டைஃபாய்டு சர்வசாதாரணமாக இருந்த காலம். தண்ணீரைக் கட்டிக்கொண்டு போனதைப் பழைய அணிகளின் செல்லப் பழக்கம் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அந்தப் பயணத்தில் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது அதுதான் என்று படுகிறது.

பயிற்சியாளர் பில்லி சூட்டர், வடக்கே பிரின்ஸ்டனில் ஆடிப் பழகியவர். கேப்டன் ஹென்றி சீபல்ஸ். எல்லோருக்கும் அவர் ‘டிடி’. முழுப்பின்கள ஆட்டக்காரர் ஆர்மண்ட் சிம்கின்ஸ். மோதிச் சுவரைப் பிளக்கும் வேலை அவருடையது. பக்கவாட்டில் ரிங்லண்ட் கில்பாட்ரிக். நடுவில் நின்று பந்தை வாங்கிக் கைமாற்றும் வேலை வில்சனுடையது. பட்டப்பெயர் ‘வார்ப்ளர்’, அதாவது பாடும் குருவி. காவல் வரிசையில் பில் கிளைபோர்ன். முரட்டுத்தனத்துக்குப் பேர்போன இந்த மனிதர் பிறகு பாதிரியாராகி, அதே மலைப் பகுதியில் ஏழைகளுக்காகப் பள்ளிகள் நடத்தினார். எபிஸ்கோபல் திருச்சபை நடத்திய கல்லூரி அது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டு, திங்கட்கிழமை எதிராளியின் விலா எலும்பைப் பதம் பார்ப்பது அங்கே முரணாகத் தெரியவில்லை.

இன்னொருவரும் அந்த வண்டியில் இருந்தார். பெயர் கால் பரோஸ். கறுப்பினத்தவர். அடிபட்ட தசைகளை எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, அடுத்த நாள் ஆட்டக்காரர்களை எழுந்து நிற்க வைத்தவர். இந்த ரயில் இன்னும் இரண்டு நாளில் லூசியானாவுக்குள் நுழையப் போகிறது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ரயிலில் தனித்தனிப் பெட்டியில்தான் ஏற வேண்டும் என்று 1890இல் சட்டம் போட்ட மாநிலம் அது. அந்தச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் சொல்லிவிட்டது. சுவானியின் வெற்றிப் புகைப்படங்களைப் பார்க்கிறவர்கள் பதினோரு வெள்ளை முகங்களை எண்ணிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆறு நாளும் அந்த முகங்களைத் தூக்கி நிறுத்திய இரண்டு கைகளை நான் முதலில் எண்ணுவேன்.

நவம்பர் 9, வியாழக்கிழமை. ஆஸ்டின். எதிரே டெக்சாஸ் பல்கலைக்கழகம்.

ஐந்தில் இதுதான் கடினமான ஆட்டம் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே நடந்தது. மோதலில் கேப்டன் சீபல்ஸின் தலை கிழிந்து முகமெல்லாம் ரத்தம். வெளியே போனால் திரும்ப முடியாது என்ற விதி நினைவிருக்கிறதா? அவர் போகவில்லை. காயத்தை ஒட்டிக் கட்டிக்கொண்டு கடைசிவரை ஆடினார். சுவானி 12, டெக்சாஸ் 0.

அன்றிரவே ரயில். ஆஸ்டினிலிருந்து ஹூஸ்டன் சுமார் 260 கிலோமீட்டர். காலையில் இறங்கி, பகலில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியை எதிர்கொண்டார்கள். ராணுவப் பயிற்சியோடு வளர்ந்த பையன்கள் அவர்கள். நேற்றைய காயம் இன்னும் காயவில்லை. முதல் மோதலிலேயே உடம்பு சொல்லியிருக்கும். 10க்கு 0. இந்தப் பயணத்தில் மிகக் குறைந்த வித்தியாசம் இதுதான்.

மறுபடி ரயில். இந்த முறை நியூ ஆர்லியன்ஸ், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சனிக்கிழமை துலேன் பல்கலைக்கழகத்தை 23க்கு 0 என்று முடித்தார்கள். மூன்று நாளில் மூன்று ஆட்டம், மூன்று ஊர், இரண்டு மாநிலம்.

இங்கே ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. துலேனுக்கு எதிராக அதிகப் புள்ளி, அடுத்து வரும் லூசியானா அணிக்கு எதிராக அதைவிட அதிகம். களைத்துப்போன அணி நாளுக்கு நாள் தளர வேண்டுமே, எப்படி ஏறுகிறது? ஒரு காரணம் எளிது: டெக்சாஸ் அணிகள் அளவுக்கு லூசியானா அணிகள் பலமாக இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஒரே பதினோரு பேர் தினமும் சேர்ந்து மோதும்போது ஒருவர் தோள் எங்கே போகும், மற்றவர் கால் எங்கே வரும் என்பது பேச்சில்லாமலே பழகிவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஆடும் அணிக்கு அது கிட்டாது. சூட்டருக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க நேரமே இல்லை, ஆட்டமே பயிற்சியாகிவிட்டது.

ஞாயிறு ஆட்டமில்லை. திருச்சபைக் கல்லூரிக்கு அது முடியாத காரியம். லூசியானாவின் கரும்புத் தோட்டம் ஒன்றில் விருந்தாளிகளாகத் தங்கி ஓய்வெடுத்தார்கள். நவம்பர் என்றால் அங்கே கரும்பு வெட்டி ஆலையாடும் காலம்.

திங்கள், நவம்பர் 13. பேட்டன் ரூஜ். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். 34க்கு 0. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

செவ்வாய், நவம்பர் 14. மெம்ஃபிஸ். மிசிசிப்பி பல்கலைக்கழகம். பேட்டன் ரூஜிலிருந்து மறுபடி ஓர் இரவு முழுக்க வண்டியில் வடக்கே வந்து இறங்கியவர்கள், ஆறாவது நாளில் ஐந்தாவது முறையாகக் காலணி மாட்டிக்கொண்டார்கள். முந்தைய நாள் 34 அடித்த அணி அன்றைக்கு 12தான் அடித்தது. கால்கள் கனத்துவிட்டன என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. ஆனால் எதிரணியின் கணக்கில் மறுபடியும் பூஜ்யம்தான்.

ஆறு நாளில் ஐந்து ஆட்டம். சுவானிக்கு 91 புள்ளி. ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து ஒன்றுகூட இல்லை. போய்வந்த தூரம் சுமார் 4,000 கிலோமீட்டர். இன்றைய வீரர்கள் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே ஒரு வாரம் இடைவெளி வேண்டும் என்று கேட்பதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் சிம்கின்ஸின் பிற்காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கால்பந்தில் பட்ட காயங்களின் பின்விளைவாக இரண்டு கால்களையும் அவர் இழக்க நேர்ந்தது. அந்தக் கதைக்குத் தனியாக ஒரு வாரம் தேவை, இப்போது வேண்டாம்.

மலையடிவாரத்தில் இறங்கி, கோவன் நிலையத்திலிருந்து மேலே ஏறும் சின்ன ரயிலைப் பிடித்தார்கள். அதற்கு ‘மலை ஆடு’ என்றே பெயர். அவ்வளவு செங்குத்தான பாதை. ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 20 அன்று கம்பர்லண்ட் கல்லூரி மலையேறி வந்து 71க்கு 0 என்று அடிவாங்கிக்கொண்டு இறங்கியது.

இப்போது ஏட்டைப் பார்ப்போம். அக்டோபர் 21 முதல் பத்து ஆட்டம். ஜார்ஜியா, ஜார்ஜியா டெக், டென்னஸி, சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டீரியன், பிறகு ரயில் பயணத்தின் ஐந்து, கடைசியாகக் கம்பர்லண்ட். சுவானி எடுத்தது 306 புள்ளி. கொடுத்தது 0. அந்தப் பருவத்தில் இதுவரை ஒருவர்கூட அவர்களின் எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை.

மிச்சம் இரண்டே ஆட்டம். முதலாவது நவம்பர் 30, நன்றியறிதல் நாள், அலபாமாவின் தலைநகர் மான்ட்காமரியில். கேப்டன் சீபல்ஸுக்கு அது சொந்த ஊர். எதிரணி ஆபர்ன்.

ஆபர்னின் பயிற்சியாளரைப் பற்றி இதுவரை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். வயது 30. கிளீவ்லாந்தில் பிறந்தவர். சட்டம் படித்தவர், விடுமுறையில் நாடக மேடையேறி ஷேக்ஸ்பியர் வசனம் பேசுகிறவர். மைதானத்திலும் நாடகம்தான். 1895இல் இதே ஆபர்ன் அணியை வைத்து வாண்டர்பில்ட்டை அவர் மிரளவைத்த விதம் தென்மாநிலம் எங்கும் பேச்சானது. ஆட்டக்காரர்கள் வட்டமாக நெருங்கி நின்று மறைக்க, ஒருவர் பந்தைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார். எல்லோரும் பந்து எங்கே என்று தேடிக்கொண்டிருக்க, அவர் சாவகாசமாக எழுந்து ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார். அந்த ஆட்டத்தில் ஆபர்ன் தோற்றது வேறு விஷயம். தந்திரம் நிலைத்துவிட்டது.

பெயர் ஜான் ஹைஸ்மன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் கோப்பை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1899இல் ஹைஸ்மன் தன் அணியை வேறொரு வித்தைக்குப் பழக்கியிருந்தார்: வேகம். மற்ற அணிகள் ஒரு மோதல் முடிந்ததும் எழுந்து, மூச்சுவாங்கி, வரிசை கட்டி, அடுத்ததைத் தொடங்கும். ஆபர்ன் அப்படியில்லை. கீழே விழுந்தவன் எழுவதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். எதிரணி இன்னும் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பந்து பாதிதூரம் போய்விட்டிருக்கும். உடல் பலத்தில் சுவானிக்கு இணையில்லை என்பது ஹைஸ்மனுக்குத் தெரியும். களைப்புக்கு மருந்து இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

போதாததற்கு ஆபர்ன் ஆறாத கோபத்தோடு வந்திருந்தது. நவம்பர் 18 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியாவை 11க்கு 6 என்று முந்திக்கொண்டிருந்தபோது, ஆட்டம் முடியச் சற்று முன்னால் இருட்டிவிட்டதென்று நடுவர் நிறுத்திவிட்டார். ஏட்டில் அந்த ஆட்டம் 0க்கு 0 என்று ஏறியது. கைக்கு வந்த வெற்றி காணாமல் போனது. நடுவர்கள் மேல் ஹைஸ்மனுக்கிருந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அந்த எரிச்சல் மான்ட்காமரியில் பற்றி எரிந்து பத்திரிகைப் பக்கங்கள் வரை போகப் போகிறது.

ஆட்டம் தொடங்கியது. சுவானியின் ஆட்கள் மோதி விழுந்து எழுந்து பார்த்தால், ஆபர்ன் அடுத்த அடிக்குத் தயாராக நிற்கிறது. மறுபடி மோதல். மறுபடி எழுவதற்குள் அடுத்தது. டெக்சாஸிலிருந்து மெம்ஃபிஸ் வரை யாரும் இப்படி அவர்களை மூச்சுவிட விடாமல் துரத்தியதில்லை. பத்து ஆட்டமாக ஒருவர் காலும் படாத அந்தக் கோட்டை நோக்கி ஆபர்ன் கெஜம் கெஜமாக ஊர்ந்தது.

தாண்டியது.

அந்தப் பிற்பகலில் ஒருமுறை அல்ல, இரண்டு முறை தாண்டியது. 306க்கு எதிராக நின்ற பூஜ்யம் அழிந்து, ஆபர்னின் கணக்கில் 10 என்று ஏறியது.

(தொடரும்)